சர்வீஸ் சென்டர் 310 கி.மீ. தள்ளி: என் பிக்கப்பை நானே பார்த்துக்கொண்ட நாலு வருடம்

60 கி.மீ. வேகம் வரை ஒன்றும் தெரியாது. 65-ஐத் தொட்டதும் இருக்கைக்கு அடியில் ஒரு நடுக்கம் ஆரம்பிக்கும். 80-ல் அடங்கிவிடும். முதல் வாரம் சாலைதான் காரணம் என்று விட்டுவிட்டேன். இரண்டாம் வாரம் டயரில் கல் ஏதாவது மாட்டியிருக்கிறதா, பேலன்ஸ் ஈயம் கழன்று விழுந்திருக்கிறதா என்று பார்த்தேன். மூன்றாம் வாரம் ரிவர்ஸ் போட்டுக் கிளட்சை விட்டபோது வண்டிக்கு அடியில் "டங்" என்று ஒரு சத்தம். அப்போதுதான் புரொப்பல்லர் ஷாஃப்ட் பக்கம், அதாவது கியர்பாக்ஸ் பக்கத்திலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளமான தண்டின் பக்கம், புத்தி போனது.

வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை. டீசல் பிக்கப், கையால் போடும் கியர், தேவைப்பட்டால் நாலு சக்கரமும் இழுக்கும், பின்னால் லீஃப் பட்டை. நான் வாங்கும்போது 40,000 கி.மீ. ஓடியிருந்தது. இப்போது 1,68,000. கம்பெனி சர்வீஸ் சென்டர் வீட்டிலிருந்து 310 கி.மீ. போய்வர ஒரு முழு நாள். வண்டியை அங்கே விட வேண்டியிருந்தால் திரும்ப எடுக்க இன்னொரு பயணம், அதுவும் வேறு யாருடைய வண்டியிலாவது. இடையில் வண்டி நின்றுவிட்டால் இழுத்துப் போக ஆள் வர ஒன்றரை நாள் ஆகும்.

இப்படி ஓர் இடத்தில் இருப்பவனுக்கு ரிப்பேர் வேலை தெரிந்திருப்பதுதான் பெரிய விஷயம் என்று ஆரம்பத்தில் நினைத்தேன். வேலை ஓரளவு கற்றுக்கொண்டுவிடலாம். அதைவிடப் பெரிய விஷயம், எது போகப்போகிறது என்று பத்து நாளுக்கு முன்பே தெரிந்துகொள்வது. ஏனென்றால் பாகம் வந்து சேர ஏழிலிருந்து பத்து நாள். வண்டி நின்ற பிறகு தேட ஆரம்பித்தால் பத்து நாளும் வீட்டில் உட்கார வேண்டியதுதான். நின்றுபோகும் முன் கண்டுபிடித்துவிட்டால் அந்தப் பத்து நாளும் வண்டி மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும்.

சரி, ஷாஃப்டுக்கு வருகிறேன்.

சமதளத்தில் நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் போட்டு, அடியில் படுத்தேன். சக்கரங்கள் தரையில் இருப்பதால் ஷாஃப்டின் பின்முனை அசையாது. ஷாஃப்டை இரண்டு கையாலும் பிடித்து இடமும் வலமுமாகத் திருகினால், நல்ல கிராஸ் ஜாயிண்டில் (ஷாஃப்டின் முனையில், சிலுவை வடிவ இரும்பை நடுவில் வைத்த மடங்கும் மூட்டு) துளிகூட ஆட்டம் இருக்கக் கூடாது. என் வண்டியில் பின்பக்க ஜாயிண்ட் லேசாக "டிக் டிக்" என்றது. டார்ச் அடித்துப் பார்த்தால், சிலுவையின் காலை மூடியிருக்கும் கப்பின் ஓரத்தில் செங்கல் தூள் மாதிரி சிவப்புப் பொடி. கிரீஸ் வறண்டு, உள்ளே ஊசி பேரிங் துருப்பிடித்து அரைபடும்போது வருகிற பொடி அது. அதைப் பார்த்த பிறகு வேறு சோதனையே தேவையில்லை.

இங்கே ஒரு தவறு செய்தேன். பெயரைச் சொல்லி, மாடலைச் சொல்லி, வருடத்தைச் சொல்லி பாகம் ஆர்டர் கொடுத்தேன். ஒன்பதாம் நாள் வந்தது. கையில் எடுத்துப் பார்த்தவுடனே தெரிந்தது, கப்பின் விட்டம் சிறியது. ஒரே மாடலில், ஒரே வருடத்தில்கூட இரண்டு வகை ஷாஃப்ட் போட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து இரண்டு பழக்கம் வைத்திருக்கிறேன். 17 எழுத்து எண்கள் கொண்ட சேசிஸ் நம்பரை முழுவதும் கொடுத்து, அதற்கான கம்பெனி பாக எண்ணை வாங்கிக்கொண்டுதான் ஆர்டர். அதற்கு மேல், பழைய பாகத்தை வெர்னியரால் அளந்து, பாகம் அனுப்புகிறவரிடம் அந்த அளவையும் சொல்லிவிடுவேன். கிராஸ் ஜாயிண்டுக்கு இரண்டு அளவு: கப்பின் விட்டம், எதிரெதிர் கப்புகளின் வெளிமுனைக்கு வெளிமுனை நீளம். கப்பைப் பிடித்து நிறுத்தும் லாக் வளையம் கப்புக்கு வெளிப்பக்கம் உட்காருகிறதா, உட்பக்கமா என்றும் பார்த்துச் சொல்ல வேண்டும். இரண்டு வகையும் உண்டு.

சரியான பாகம் வந்ததும் ஷாஃப்டைக் கழற்றினேன். கழற்றும் முன், ஷாஃப்டின் ஃபிளேஞ்ச் (போல்ட் போடும் தட்டு) மேலும், டிஃபரன்ஷியல் (பின் அச்சின் நடுவிலுள்ள கியர் பெட்டி) பக்கத்து ஃபிளேஞ்ச் மேலும் நேர்கோடாக வெள்ளை பெயிண்டால் ஒரு கோடு. ஷாஃப்ட் நடுவில் நீளம் கூடிக் குறைகிற ஸ்பிளைன் பகுதியிலும் ஒரு கோடு. இந்தக் கோடு போடாமல் கழற்றுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், அதனால் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். கோணத்தில் சுற்றும் ஒரு கிராஸ் ஜாயிண்ட், உள்ளே வரும் சுழற்சியை அப்படியே வெளியே தருவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடி, இரண்டு முறை குறைகிறது. ஷாஃப்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு ஜாயிண்ட் அதே ஏற்ற இறக்கத்தைத் திருப்பிப் போட்டுச் சமன் செய்கிறது. அதற்குச் சிலுவையைப் பிடித்திருக்கும் இரண்டு முனைக் கவட்டைகளும் ஒரே நேராக இருக்க வேண்டும். ஸ்பிளைன் ஒரு பல் தள்ளிப் போட்டுவிட்டால் அந்தச் சமன் கெட்டுப்போகும். புது ஜாயிண்ட் போட்டும் நடுக்கம் போகவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டிவரும்.

ஜாயிண்டைக் கழற்றத் தனிக் கருவி எதுவும் வேண்டாம். பெரிய வைஸ் ஒன்று, கப்பைவிடச் சற்றுச் சிறிய சாக்கெட் ஒன்று, கப் உள்ளே நுழையும் அளவுக்குப் பெரிய சாக்கெட் ஒன்று. முந்தின நாள் இரவே துருநீக்கி எண்ணெய் அடித்து வைத்தேன். காலையில் நாலு லாக்கையும் மூக்கு பிளையரால் எடுத்தேன். சிறிய சாக்கெட்டை ஒரு கப் மேல் வைத்து, எதிர்ப்பக்கம் பெரிய சாக்கெட்டைக் கொடுத்து, வைஸை முடுக்கினால், எதிர் கப் பெரிய சாக்கெட்டுக்குள் மெதுவாக நகர்ந்து வரும். ஒரு கட்டத்தில் "படீர்" என்று துரு விடும் சத்தம் கேட்கும். முதல் தடவை அந்தச் சத்தத்தில் கவட்டை உடைந்துவிட்டதோ என்று நெஞ்சு அடைத்தது. உடையவில்லை. துரு விட்டது, அவ்வளவுதான். சுத்தியால் அடித்து எடுக்கவும் முடியும். ஆனால் கவட்டையின் காது வளைந்துவிட்டால் ஷாஃப்டே போச்சு. வைஸ் இருக்கும்போது அந்த ஆபத்து எதற்கு?

வெளியே வந்த பழைய கப்பைத் துணியில் கொட்டினேன். ஊசிகளில் பாதி தூளாகியிருந்தது. சிலுவையின் காலில் ஊசிகள் நின்ற இடத்தில் வரிவரியாகப் பள்ளம். நகத்தால் தடவினால் சீப்பின் பல் மாதிரி தட்டுப்படும். அந்தப் பழைய சிலுவையை இன்னும் அலமாரியில் வைத்திருக்கிறேன். கிரீஸ் கன்னை எடுக்கச் சோம்பலாக இருக்கும் நாளில் அதைக் கையில் எடுத்தால் போதும்.

புதியதைப் போடுவதில்தான் பொறுமை வேண்டும். கப்புக்குள் ஊசிகள் வட்டமாக, கிரீஸ் ஒட்டுதலில்தான் நிற்கின்றன. கப்பை அழுத்தும்போது சிலுவையின் கால் நேராக உள்ளே போகாவிட்டால், ஓர் ஊசி சாய்ந்து அடியில் விழுந்துவிடும். நாலாவது கப்பில் எனக்கு அதுதான் நடந்தது. கப் உள்ளே போனது, ஆனால் லாக் உட்காரும் பள்ளம் முழுதாகத் தெரியவில்லை, ஒரு மில்லிமீட்டர் குறைந்தது. இன்னும் கொஞ்சம் முடுக்கிவிடலாமா என்று கை போனது. நிறுத்தி, மறுபடி கழற்றிப் பார்த்தேன். ஊசி ஒன்று கப்பின் அடியில் படுத்துக் கிடந்தது. அதன் மேல் முடுக்கியிருந்தால் கப் விரிசல் விட்டு, சில நூறு கிலோமீட்டரில் மறுபடி இதே வேலை. லாக் பள்ளத்தில் தானாக உட்காரவில்லை என்றால் உள்ளே ஏதோ தவறு இருக்கிறது. இதற்கு விதிவிலக்கு நான் இன்னும் பார்த்ததில்லை.

நாலு லாக்கும் உட்கார்ந்த பின் ஜாயிண்டைக் கையால் அசைத்துப் பார்த்தேன். ஒரு திசையில் இறுக்கமாக இருந்தது. கவட்டையின் காதுகளை மர உருளைச் சுத்தியால் வெளிப்புறமாக ஒரு தட்டு தட்டியதும் கப்புகள் லாக்கில் போய்ச் சாய்ந்து, ஜாயிண்ட் இளகியது. பிறகு நிப்பிளில் கிரீஸ் கன்னை வைத்து, நாலு கப்பின் சீலிலிருந்தும் புது கிரீஸ் எட்டிப்பார்க்கும்வரை அடித்தேன். மூன்றில் மட்டும் வந்து நாலாவதில் வராவிட்டால் நாலாவது வறண்டு கிடக்கிறது என்று அர்த்தம். ஜாயிண்டை அசைத்துக்கொண்டே அடித்தால் வழி திறக்கும். கோடுகளை நேர் வைத்துப் பூட்டி, ஓட்டிப் பார்த்தேன். 65, 70, 80. ஒன்றுமில்லை. அந்த அமைதியை அனுபவிக்கவே தேவையில்லாமல் இன்னும் பத்து கிலோமீட்டர் போய் வந்தேன்.

இப்போது ஒவ்வொரு 5,000 கி.மீ.க்கும் ஷாஃப்டுக்கு கிரீஸ். ஆழத் தண்ணீரில் இறங்கி ஏறினால் மறுநாளே. கையேட்டின் பின்பக்கத்தில் கடினப் பயன்பாட்டுக்கு என்று தனி அட்டவணை இருக்கும், பலர் அதைத் திருப்பிப் பார்ப்பதில்லை. புழுதி, பாரம், கரடுமுரடான பாதை, அடிக்கடி குறுந்தூர ஓட்டம் எல்லாம் அதில் வரும். என் கையேட்டில் 10,000 கி.மீ. என்று இருக்கும் எஞ்சின் ஆயில், அந்த அட்டவணையில் 5,000. நம்மைப் போன்றவர்களுக்கு அதுதான் உண்மையான அட்டவணை.

அடுத்தது டீசல் கதை. ஒரு நாள் பாரத்தோடு ஏற்றத்தில் போகும்போது இழுவை சட்டென்று செத்தது. மஞ்சள் விளக்கு எரிந்தது. எஞ்சின் நிற்கவில்லை, ஆனால் எவ்வளவு மிதித்தாலும் ஒரு அளவுக்கு மேல் போகவில்லை. எஞ்சினைக் காப்பாற்றிக்கொள்ள கம்ப்யூட்டரே சக்தியைக் குறைத்துவிடும் நிலை அது. ஸ்டீயரிங்குக்கு அடியில் எஞ்சின் கம்ப்யூட்டரின் பிழை எண்களைப் படிக்க 16 பின் உள்ள ஓ.பி.டி. சாக்கெட் இருக்கிறதே, அதில் செருகும் சின்ன ரீடர் ஒன்று எப்போதும் டேஷ்போர்டு பெட்டியில் இருக்கும். செருகிப் பார்த்தால் பி0087 என்ற பிழை எண். எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர்களுக்குப் பொதுவான குழாயில், அதாவது எரிபொருள் ரெயிலில், அழுத்தம் குறைவு என்று பொருள்.

போனில் கேட்டபோது தெரிந்தவர் ஒருவர் "ஹை பிரஷர் பம்ப் போயிருக்கும்" என்றார். போயிருக்கவும் செய்யலாம். ஆனால் பிழை எண் எது கெட்டது என்று சொல்வதில்லை, எது அளவில் இல்லை என்றுதான் சொல்கிறது. அழுத்தம் குறையக் காரணம் பம்பாக இருக்கலாம், இன்ஜெக்டர் கசிவாக இருக்கலாம், அழுத்த வால்வாக இருக்கலாம், அல்லது பம்புக்கே டீசல் வந்து சேராமல் இருக்கலாம். கடைசியில் சொன்னதுதான் மிக எளிது, மிக அடிக்கடி வருவதும் அதுதான். ரீடரில் நேரடி அளவுகளைப் பார்த்தேன். நின்ற இடத்தில் எஞ்சின் ஓடும்போது கம்ப்யூட்டர் கேட்ட அழுத்தமும் ரெயிலில் வந்த அழுத்தமும் ஒன்றாகவே இருந்தன. ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதித்தால் கேட்டது மேலே ஏற, வந்தது பின்தங்கியது. கொஞ்சம் டீசல் கேட்டால் போதுமானது வருகிறது, நிறையக் கேட்டால் வரவில்லை. எங்கோ அடைப்பு.

டீசல் ஃபில்டரின் அடியிலுள்ள வடிகுழாயைத் திறந்து கண்ணாடி பாட்டிலில் பிடித்தேன். ஐந்து நிமிடம் அசையாமல் வைத்ததும் பாட்டிலுக்குள் ஒரு கோடு விழுந்தது. மேலே பொன்னிறம், கீழே கலங்கிய தண்ணீர், அதற்கும் கீழே கறுப்பு மண். தண்ணீர் டீசலைவிடக் கனம் என்பது பள்ளிப்பாடம். ஆனால் அது என் வண்டிக்குள்ளிருந்து வந்ததைப் பார்க்கும்போது வயிறு கலங்கியது. இந்த வகை எஞ்சினில் டீசல் 1,600 பாருக்கு மேலான அழுத்தத்தில் பீச்சப்படுகிறது. பம்பின் உள்பாகங்களுக்கு இடையே சில மைக்ரான் இடைவெளிதான். அங்கே உயவும் டீசல்தான். தண்ணீர் போனால் உயவு போகிறது, உலோகம் உலோகத்தை உரசுகிறது, அந்தத் தூள் இன்ஜெக்டர்கள்வரை போகிறது.

புது ஃபில்டர் அலமாரியில் இருந்தது. மாற்றினேன். இங்கே ஒரு விஷயம்: புது ஃபில்டரின் நடுத்துளை வழியாக டீசல் ஊற்றி நிரப்பிப் போடாதீர்கள். நடுத்துளை சுத்தமான பக்கம், அங்கே ஊற்றுவது வடிகட்டாமல் நேராகப் பம்புக்குப் போகும். காலியாகப் போட்டு, மேலே இருக்கும் கைப்பம்பை இறுகும்வரை அழுத்தினால் ஏர் வெளியேறிவிடும். பழைய மெக்கானிக்கல் பம்ப் எஞ்சின்களில் இன்ஜெக்டர் நட்டைத் தளர்த்தி செல்ஃப் அடித்து ஏர் எடுப்பார்கள். அந்தப் பழக்கத்தோடு காமன் ரெயில் எஞ்சினைத் தொடக் கூடாது. அந்த அழுத்தத்தில் வரும் நூலளவு பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பார்க்கச் சின்னக் குத்து மாதிரி இருக்கும், உள்ளே சதையை அழித்துவிடும். அப்படி நடந்தால் உடனே அறுவை சிகிச்சைக்கு ஓட வேண்டும். நாம் இருக்கும் இடத்திலிருந்து எவ்வளவு நேரமாகும் என்று ஒரு கணம் யோசித்தால் கை தானாகப் பின்வாங்கும்.

பிழை எண்ணை அழித்தேன், ஏற்றத்தில் ஓட்டினேன், திரும்ப வரவில்லை. அப்போதிருந்து மாதம் ஒரு முறை அந்த வடிகுழாயைத் திறந்து பாட்டிலில் பிடித்துப் பார்க்கிறேன். இரண்டு நிமிட வேலை. டேங்கை இரவில் பாதிக்குக் கீழே விடுவதும் இல்லை. காலி இடத்துக் காற்றின் ஈரம் உள்ளே தண்ணீராகப் படியும்.

புழுதியும் இதே போல ஓசையில்லாமல் தின்கிற ஒன்று. ஏர் ஃபில்டரை மாற்றுவது எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பின்னால், டர்போவுக்குப் போகும் ரப்பர் குழாயைக் கழற்றி, உள்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கு லேசாக இருந்தால் பரவாயில்லை. மண் நெருநெருப்பு இருந்தால் ஃபில்டரைத் தாண்டி எங்கோ வழி இருக்கிறது. என் வண்டியில் ஃபில்டர் பெட்டியின் ஒரு கிளிப் சரியாகக் கவ்வாமல் இருந்தது. எவ்வளவு நல்ல ஃபில்டர் போட்டும் அந்த இடுக்கு வழியாகப் புழுதி போய்க்கொண்டிருந்தது.

மின்சார வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் அதில் ஒரு அளவை மட்டும் கண்டிப்பாகத் தெரிந்துகொள்ளுங்கள். காலையில் செல்ஃப் சோம்பலாகச் சுற்றியது. பேட்டரி என்றுதான் யாரும் சொல்வார்கள். நின்ற நிலையில் 12.6 வோல்ட், அதாவது முழுச் சார்ஜ். எஞ்சின் ஓடும்போது 14.2, டைனமோவும் சரி. அப்புறம் மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் கொம்பிலும், இன்னொரு முனையை எஞ்சின் இரும்பிலும் வைத்து, மகளைச் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். 1.3 வோல்ட் காட்டியது. இரண்டும் ஒரே எர்த்தாக இருக்க வேண்டிய இடம், 0.2-க்குள் இருந்தால்தான் ஆரோக்கியம். பேட்டரியின் பத்தில் ஒரு பங்கு அந்த வயரிலேயே வீணாகிறது. எர்த் வயரின் சேசிஸ் முனையைக் கழற்றினால் லக்குக்கு (வயர் முனையிலுள்ள உலோக வளையம்) அடியில் வெள்ளைப் பூஞ்சை மாதிரி அரிப்பு. உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து, முடுக்கி, மேலே வாசலின் பூசினேன். அளவு 0.1-க்கு வந்தது. புது பேட்டரி வாங்கிப் போட்டிருந்தால் இன்னும் சில மாதம் நன்றாக இருந்திருக்கும், பிறகு அதுவும் சோம்பலாகியிருக்கும்.

டிஃபரன்ஷியல் ஆயில் மாற்றப் போகிறீர்களா? மேலே நிரப்பும் பிளக்கை முதலில் தளர்த்துங்கள். அது அசைந்த பிறகுதான் கீழே வடிக்கும் பிளக்கைத் தொட வேண்டும். கீழே வடித்துவிட்டு, மேல் பிளக் துருவில் திரும்பாமல் போனால் ஆயில் இல்லாத வண்டி, அதை எங்கும் நகர்த்தவும் முடியாது. இந்த ஒரு வரியை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் ஒரு முழு மாலை மிச்சமாகியிருக்கும். காந்த பிளக்கில் சாம்பல் நிறக் களிம்பு ஒட்டியிருப்பது இயல்பு. நகத்தளவு செதில் இருந்தால் பல் உடைகிறது. ஆயில் பால் கலந்தது போல இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. டிஃபரன்ஷியலின் வெளிக்கூடான ஹவுசிங் மேல் இருக்கும் சின்ன மூச்சுக் குழாயைப் பாருங்கள். சூடான ஹவுசிங் தண்ணீரில் இறங்கிச் சட்டென்று குளிரும்போது உள்ளே காற்று சுருங்கி, அந்த மூச்சு அடைபட்டிருந்தால், சீல் ஓரமாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும். நான் ஒரு ரப்பர் குழாய் போட்டு அதைப் பாடிக்கு மேல்வரை ஏற்றிக் கட்டிவிட்டேன்.

பிரேக் ஆயில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 தரத்துப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியில் கொதிக்க வேண்டும் என்பது தரம். ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155. நீண்ட இறக்கத்தில் பாரத்தோடு பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்தால் அந்த வித்தியாசம் உயிர் விஷயம். ஆயில் கொதித்து ஆவிக் குமிழி வந்தால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், வண்டி நிற்காது. ஏர் எடுக்க இரண்டு பேர் வேண்டும். நான் சக்கரத்தருகே படுத்திருப்பேன், மகள் இருக்கையில்.

"அப்பா, மிதிக்கட்டுமா?"

"மிதிம்மா. மெதுவா. அப்படியே பிடி."

ஏர் வெளியேற்ற பிரேக்கில் இருக்கும் நிப்பிளை கால் சுற்றுத் திறப்பேன். கண்ணாடிக் குழாயில் தேநீர் நிறத்தில் பழைய ஆயில் வரும், நடுவே குமிழிகள். மூடுவேன்.

"இப்ப விடு."

மூடும் முன் அவள் காலை எடுத்துவிட்டால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். அதனால் நான் "விடு" சொல்லும்வரை கால் அசையக் கூடாது என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். பிரேக் ஆயில் டப்பாவிலிருந்து தூரத்துச் சக்கரத்தில் ஆரம்பித்து அருகில் முடித்தோம், என் கையேடு சொல்லும் வரிசை அது. டப்பாவில் ஆயில் குறையாமல் பார்ப்பதும் அவள் வேலைதான். கடைசிச் சக்கரத்தில் குழாயில் வெளிர் மஞ்சள் வந்ததும் அவளே "சுத்தமாயிருச்சு" என்றாள்.

வீட்டில் செய்யாத வேலைகளும் இருக்கின்றன. ஏர்பேக் பக்கம் கை வைப்பதில்லை. ஏசி கேஸ், இன்ஜெக்டர் சோதனை இரண்டுக்கும் என்னிடம் கருவி இல்லை. டைமிங் பெல்ட்டை 1,50,000 கி.மீ.யில் மாற்றச் சொல்லியிருக்கிறது. அறுந்தால் பிஸ்டன் வால்வை அடிக்கும் எஞ்சின் இது, எஞ்சினே போய்விடும். 1,44,000-லேயே சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போனேன். போகும் முன் போன் செய்து பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் எல்லாம் கையிருப்பில் எடுத்து வைத்தாயிற்றா என்று உறுதி செய்துகொண்டேன். சேசிஸ் நம்பரைக் கொடுத்து ரீகால் (கம்பெனி தன் குறையைத் தானே சரிசெய்ய வண்டியைத் திரும்ப அழைப்பது) ஏதாவது நிலுவையில் இருக்கிறதா என்றும் கேட்டேன். ஒன்று இருந்தது, இலவசமாகவே செய்தார்கள். கம்ப்யூட்டர் அப்டேட்டும் அதே நாளில். இப்படி வேலைகளைச் சேர்த்துவைத்து ஒரே பயணத்தில் முடிப்பதற்காகவே நோட்டின் கடைசிப் பக்கத்தை ஒதுக்கியிருக்கிறேன்.

நோட்டு என்றேன். சாதாரண நாற்பது பக்க நோட்டு. தேதி, கிலோமீட்டர், என்ன பார்த்தேன், என்ன போட்டேன், பாக எண். ஞாயிறு காலை, வண்டி குளிர்ந்திருக்கும்போது ஆயில் குச்சி, கூலண்ட் டப்பா, டயர் காற்று மூன்றையும் எழுதுவேன். பெரும்பாலும் "அப்படியே" என்றுதான் எழுதுகிறேன். ஒரு தடவை தொடர்ந்து மூன்று ஞாயிறு கூலண்ட் விரலளவு குறைந்திருந்தது. தரையில் சொட்டு இல்லை. எழுதியிருக்காவிட்டால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ஊற்றிவிட்டு மறந்திருப்பேன். தேடியதில் ஹீட்டர் குழாயின் கிளாம்ப் அருகே ஒரு வெள்ளைத் தடம். சூடான இடத்தில் கசிந்து, கீழே விழும் முன்பே ஆவியாகிவிடுகிறது. கிளாம்ப் மாற்றினேன், நின்றது.

அலமாரியில் இருப்பவை: ஆயில் ஃபில்டரும் டீசல் ஃபில்டரும் இரண்டிரண்டு, வடிபிளக் வாஷர், முன் பிரேக் பேட் ஒரு செட், தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் மேல் கீழ் குழாய்கள், கிராஸ் ஜாயிண்ட் ஒன்று, பல்பு, ஃபியூஸ், எல்லா எண்ணெய்களிலும் ஒரு டப்பா. கியர் ஆயில் வாங்கும்போது டப்பா மேல் இருக்கும் எண்ணைப் பார்க்க வேண்டும். டிஃபரன்ஷியலுக்கான ஜி.எல்.-5 ஆயிலை, ஜி.எல்.-4 கேட்கும் கியர்பாக்ஸில் ஊற்றினால் கியர் சத்தமில்லாமல் விழ உதவும் பித்தளை சிங்க்ரோ வளையங்கள் சீக்கிரம் கெடலாம். ஃபேன் பெல்ட்டை அறுந்த பின் மாற்றுவதில்லை. நல்ல நிலையில் இருக்கும்போதே புதியதைப் போட்டு, பழையதைச் சுற்றி இருக்கைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். வழியில் அறுந்தால் அது வீடு கொண்டுவந்து சேர்க்கும், நம் வண்டிக்குப் பொருந்துமா என்ற சந்தேகமும் கிடையாது. அப்புறம் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். ஸ்டாண்ட் கொடுத்து, வண்டியை ஒரு தள்ளு தள்ளிப் பார்த்த பிறகுதான் நான் உள்ளே போவேன், ஐந்து நிமிட வேலையானாலும். சக்கரத்தைக் கழற்றிப் போட்டால் நட்டை டார்க் ரெஞ்சால் முடுக்கி, 100 கி.மீ.க்குள் இன்னொரு முறை சரிபார்ப்பேன்.

போன வாரம் நோட்டில் ஒரு புது வரி எழுதினேன். 50 கி.மீ. வேகத்தில் முன்பக்கத்திலிருந்து தேனீ கூட்டம் மாதிரி ஒரு ரீங்காரம். சாலை வலப்பக்கம் வளையும்போது கூடுகிறது, இடப்பக்கம் வளையும்போது அடங்குகிறது. வலப்பக்கம் திரும்பினால் பாரம் இடச் சக்கரத்தில் விழும், அதனால் இட முன்சக்கர பேரிங்கைத்தான் சந்தேகப்படுகிறேன். சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். ஆட்டம் இன்னும் வரவில்லை. கையால் சுற்றிவிட்டு, இன்னொரு கையைச் சுருள் ஸ்பிரிங் மேல் வைத்தால் மட்டும் விரல் நுனியில் ஒரு நெருநெருப்பு. வலப்பக்கத்தில் அது இல்லை.

சேசிஸ் நம்பர் கொடுத்துப் பாக எண் வாங்கி, ஆர்டர் போட்டாயிற்று. அடுத்த புதன் வரும் என்றிருக்கிறார்கள். அதுவரை பாரம் ஏற்றுவதில்லை, 60-க்கு மேல் போவதில்லை, ஒவ்வொரு முறை நிறுத்தியதும் அந்தச் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பைத் தொட்டுப் பார்த்து வலப்பக்கத்தோடு சூட்டை ஒப்பிடுகிறேன். இன்று மாலையும் இரண்டும் ஒரே சூடுதான்.